லண்டன்ல டின்னரும் மியூசிக்கல் ஷோவும்: அண்ணிக்கு சர்ப்ரைஸ் வேண்டாம்ணா

கேள்வி: வணக்கம் சிஸ்டர். திருப்பூர்ல கார்மெண்ட்ஸ் எக்ஸ்போர்ட் பண்றேன். பையரைப் பார்க்க லண்டன் வந்து போறவன்தான், இந்தத் தடவை செப்டம்பர்ல வீட்டம்மாவையும் கூட்டிட்டு வர்றேன். எங்களுக்குக் கல்யாணமாகி 15 வருஷம் ஆகுது. வியாழன் சாயங்காலம் வந்து இறங்கறோம், செவ்வாய் மத்தியானம் ரிட்டர்ன் ஃப்ளைட். வெள்ளியும் திங்களும் பகல்ல எனக்கு மீட்டிங் இருக்கு. வெள்ளிக்கிழமை ராத்திரி ஒரு பெரிய ரெஸ்டாரன்ட்ல டின்னர், அப்புறம் ஒரு மியூசிக்கல் ஷோ, ரெண்டையும் கடைசி நிமிஷம் வரைக்கும் சொல்லாம சர்ப்ரைஸா கூட்டிட்டுப் போகணும்னு ஆசை. அவ கல்யாணத்துக்கு முன்னாடி வரைக்கும் பாட்டு கிளாஸ் போனவ, கர்நாடக சங்கீதம் நல்லா தெரியும். ஆனா இந்த ஊர்க்காரங்க இங்கிலீஷ் பேசினா புரியாது, வீட்ல இங்கிலீஷ் படம் போட்டா அரை மணி நேரத்துல தூங்கிடுவா. சுத்த சைவம், முட்டை கூட தொடமாட்டா. ஹோட்டல் பேடிங்டன் பக்கம். ரெண்டு பேருக்கும் சேர்த்து 300 பவுண்டு வரைக்கும் செலவு பண்ணலாம். எந்த ஷோ, எந்த சீட், சாப்பாடு முன்னாடியா பின்னாடியா, பட்டுப்புடவைல வரலாமா, எல்லாம் கொஞ்சம் சொல்லுங்க.

பதில்:

வணக்கம்ணா. 15 வருஷத்துக்கு உங்க ரெண்டு பேருக்கும் வாழ்த்துக்கள். முதல் வேலையா அந்த வெள்ளிக்கிழமையை அடிச்சுடுங்க.

ஏன்னு சொல்றேன். செப்டம்பர்ல இங்க நேரம் நம்ம ஊரை விட நாலரை மணி நேரம் பின்னாடி. இங்க ஷோ ஆரம்பிக்கிறது பெரும்பாலும் ராத்திரி 7:30, அது திருப்பூர்ல நடுராத்திரி 12 மணி. ஷோ முடியறப்ப அங்க விடியக்காலை ரெண்டரை. வியாழன் சாயங்காலம் வந்து இறங்கின உடம்பு வெள்ளிக்கிழமை ராத்திரி இன்னும் திருப்பூர் கடிகாரத்துலதான் ஓடிட்டு இருக்கும், அதுவும் வயிறு நிறைய சாப்பிட்டு, இருட்டுல, மெத்துன்னு ஒரு சீட்ல உட்கார வெச்சா யாரா இருந்தாலும் தூங்கத்தான் செய்வாங்க. அண்ணி இங்கிலீஷ் படத்துக்கே தூங்கறவங்கன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. நான் டிக்கெட் போட்டுக் கொடுத்த ஜோடிங்கள்ல இந்த மாதிரி வந்த மறுநாளே ஷோ வெச்சவங்க நிறைய பேர், மறுநாள் போன் பண்ணி எப்படி இருந்துச்சுன்னு கேட்டா முதல் பாதியை மட்டும்தான் சொல்வாங்க.

திங்கட்கிழமை வைங்க. நாலு ராத்திரி தூங்கி எழுந்திருப்பீங்க, உடம்பு ஓரளவு செட் ஆகியிருக்கும். சனிக்கிழமை ராத்திரியும் பரவால்லதான், ஆனா வாரத்துலயே அதிக விலை அன்னிக்குத்தான், தெரு பூரா கூட்டம், ரெஸ்டாரன்ட்லயும் டேபிள் கிடைக்கறது கஷ்டம். ஞாயித்துக்கிழமை பல தியேட்டர்ல ஷோவே கிடையாது. செவ்வாய் மத்தியானம்தான் ஃப்ளைட்ங்கறதால திங்கள் ராத்திரி கொஞ்சம் லேட்டானாலும் ஒண்ணும் ஆகாது. ஒரே கண்டிஷன், அன்னிக்கு பையர் டின்னருக்கு கூப்பிட்டா வர முடியாதுன்னு இப்பவே மெயில் போட்டுடுங்க, நாலு மணிக்கு மேல உங்க போனே அடிக்கக்கூடாது.

அடுத்து சர்ப்ரைஸ். கோவிச்சுக்காதீங்க, அதையும் விட்டுடச் சொல்லப்போறேன்.

நம்ம ஆளுங்க பாட்டு ரசிக்கிற விதமே வேறங்ணா. படம் வர்றதுக்கு மாசக்கணக்குக்கு முன்னாடியே பாட்டு வந்துடும், பஸ்லயும் டீக்கடைலயும் கல்யாண வீட்லயும் கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆனப்புறம்தான் தியேட்டருக்கே போவோம், திரைல அந்தப் பாட்டு ஆரம்பிச்ச உடனே விசில் பறக்கறது அது ஏற்கனவே தெரிஞ்ச பாட்டுங்கறதாலதான். அதுக்கும் முன்னாடி, மதுரை புதுக்கோட்டைப் பக்கம் ஸ்பெஷல் நாடகம் பார்த்தவங்களைக் கேளுங்க, சங்கரதாஸ் சுவாமிகளோட வள்ளி திருமணம் ராத்திரி பத்து மணிக்கு மேல ஆரம்பிச்சு விடியற வரைக்கும் நடக்கும், அங்க உட்கார்ந்திருக்கற ஒருத்தருக்காவது வள்ளியை முருகன் கட்டிக்கப்போறது தெரியாம இருக்குமா? தெரிஞ்சுதான் வர்றாங்க, இன்னிக்கு வேலன் எப்படி பாடறான், வள்ளி எப்படி மடக்கறான்னு பார்க்க வர்றாங்க. மியூசிக்கலும் அப்படித்தான். கதை தெரிஞ்சா ருசி குறையாது, கூடும். அதுலயும் புரியாத உச்சரிப்புல பாடற இங்கிலீஷை முதல் தடவை கேட்டு, அதே நேரத்துல கதையையும் பிடிச்சு, மியூசிக்கையும் ரசிக்கணும்னா இந்த ஊர்ல பொறந்தவங்களுக்கே சிரமம்.

சர்ப்ரைஸா கூட்டிட்டுப் போனா என்ன நடக்கும் தெரியுமா, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை அண்ணி உங்க பக்கம் குனிஞ்சு என்ன சொல்றாங்கன்னு கேட்பாங்க, நீங்க காதுல தமிழ்ல கமெண்ட்ரி கொடுப்பீங்க, முன் சீட்ல இருக்கறவர் திரும்பி முறைப்பார், அப்புறம் அண்ணி கேட்கறதையே நிறுத்திடுவாங்க. அதுக்கப்புறம் தூக்கம்தான். ஒரு கிளையண்ட் இப்படித்தான் தன் வீட்டம்மாவை மூணு மணி நேரம் ஓடற ஷோவுக்கு ஒண்ணுமே சொல்லாம கூட்டிட்டுப் போனார், அந்தம்மா இன்னிக்கு வரைக்கும் அது என்ன கதைன்னு கேட்டா "யாரோ யாரையோ துரத்திட்டே இருந்தாங்க"ன்னுதான் சொல்றாங்க.

அதனால இன்னிக்கே சொல்லிடுங்க. சர்ப்ரைஸ் கொடுத்தே ஆகணும்னா டேபிளை மட்டும் எங்கன்னு சொல்லாம வெச்சுக்குங்க, அது போதும்.

எந்த ஷோ? பாட்டு கத்துக்கிட்ட அண்ணிக்கு என்னோட ஓட்டு தி ஃபேன்டம் ஆஃப் தி ஓபராவுக்குத்தான். 1986 அக்டோபர்ல ஆரம்பிச்சது, கோவிட் சமயத்துல மூடி 2021ல திறந்தது தவிர்த்து அதே தியேட்டர்ல ஓடிட்டே இருக்கு. மியூசிக் ஆண்ட்ரூ லாயிட் வெப்பர். எதுக்கு இதைச் சொல்றேன்னா, கதையே ஒரு பாட்டு வாத்தியாரும் சிஷ்யையும்தான். பாரிஸ்ல ஒரு பெரிய ஓபரா ஹவுஸ், அதாவது பாட்டாவே நாடகம் போடற தியேட்டர், அங்க கூட்டத்தோட கூட்டமா ஆடிட்டு இருக்கற கிறிஸ்டீன்னு ஒரு பொண்ணு, அவளுக்கு யாரோ கண்ணுக்குத் தெரியாம ராத்திரி ராத்திரி பாட்டு சொல்லித் தர்றாங்க. செத்துப்போன அப்பா அனுப்பி வெச்ச தேவதைன்னு அவ நம்பறா. உண்மைல அது முகத்தை மாஸ்க்கால மறைச்சுக்கிட்டு அந்த பில்டிங்குக்கு அடில வாழற ஒரு மேதை. அவளைப் பெரிய பாடகி ஆக்கணும்னு வெறி, அவ தனக்கு மட்டும்தான்னும் வெறி. நடுவுல அவளோட சின்ன வயசு சிநேகிதன் ராவுல், பணக்கார வீட்டுப் பையன், வந்து சேர்றான். அவ்வளவுதான் முடிச்சு. இதை அண்ணிக்கு டீ குடிக்கற நேரத்துல சொல்லிடலாம்.

லண்டன்ல முதல்ல நடிச்ச மைக்கேல் கிராஃபோர்டும் சாரா பிரைட்மேனும் பாடின ரெக்கார்டிங் ஸ்பாட்டிஃபைல, யூடியூப்ல எல்லாம் இருக்கு. கார்ல கோயமுத்தூர் போய் வர்றப்ப போட்டு விடுங்க, வார்த்தை புரியலைன்னு கவலைப்படவேண்டாம், ட்யூன் காதுல உட்கார்ந்தா போதும். முக்கியமா அந்த ஆர்கன் மியூசிக், டமார்னு விழுந்து அரை அரை ஸ்வரமா கீழ இறங்கி மறுபடி அதே படிக்கட்டுல ஏறும், நம்ம ராகத்துல அப்படி வரிசையா ஒட்டி ஒட்டி ஸ்வரம் வராதுங்கறதால அண்ணிக்கு உடனே வித்தியாசமா படும், அப்புறம் ஷோவுல அது எப்பெப்ப வருதுன்னு அவங்களே கண்டுபிடிப்பாங்க, உங்களுக்கு முன்னாடியே கண்டுபிடிப்பாங்க. டைட்டில் பாட்டு முடியற இடத்துல கிறிஸ்டீன் குரல் மேல மேல போய் ஒரு உச்சத்துல நிக்கும், பாடிப் பழகினவங்களுக்குத்தான் அது எவ்வளவு கஷ்டம்னு தெரியும்.

மத்த ஷோக்களைப் பத்தி சுருக்கமா சொல்லிடறேன், ஏன்னா ஹோட்டல்ல யாராவது வேற எதையாவது சொல்லிக் குழப்புவாங்க. ஹாமில்டன் வேண்டாம், ராப் வேகத்துல அமெரிக்க வரலாறு, எனக்கே சப்டைட்டில் போட்டா தேவலைன்னு இருந்துச்சு. லே மிசராப் அருமையான மியூசிக், ஆனா மூணு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கம்மி, பேச்சே இல்லாம எல்லாம் பாட்டு, ஆளுங்க நிறைய, சோகம் ஜாஸ்தி, கல்யாண நாளுக்கு எதுக்கு? தி லயன் கிங் பார்க்கவே பிரமாதம், 1999ல இருந்து லைசியம் தியேட்டர்ல ஓடுது, இங்கிலீஷே வேண்டாம், குழந்தைங்களோட வர்றப்ப கண்டிப்பா அதுதான், ஆனா இது உங்க ரெண்டு பேருக்கான ராத்திரி. மம்மா மியா ஜாலியா இருக்கும், ABBAங்கற பாப் குரூப்போட பாட்டு, கதை ரொம்ப ஈஸி, ஃபேன்டம் டிக்கெட் கிடைக்கலைன்னா கண்ணை மூடிட்டு அதுக்குப் போங்க. விக்கெட் (Wicked)னு ஒரு மியூசிக்கல் ஓடற அப்பல்லோ விக்டோரியா தியேட்டருக்கு நமக்கு ஒரு சொந்தம் உண்டு, 2002ல நம்ம ஏ.ஆர்.ரஹ்மான் மியூசிக்ல பாம்பே ட்ரீம்ஸ் அங்கதான் ரெண்டு வருஷம் ஓடுச்சு, அதைக் கொண்டு வந்ததும் இதே லாயிட் வெப்பர்தான். அந்தப் பக்கம் போனா ஒரு போட்டோ எடுத்துக்குங்க.

இப்ப சீட். ஃபேன்டம் நடக்கறது ஹேமார்க்கெட்ல இருக்கற ஹிஸ் மெஜஸ்டிஸ் தியேட்டர். பழைய கைடுகள்ல ஹெர் மெஜஸ்டிஸ்னு இருக்கும், ராணி போய் ராஜா வந்ததும் 2023ல பேரை மாத்திட்டாங்க, ரெண்டும் ஒண்ணுதான், குழம்பாதீங்க. கட்டினது 1897ல. கீழ ஸ்டால்ஸ், அதுக்கு மேல ராயல் சர்க்கிள், அதுக்கும் மேல கிராண்ட் சர்க்கிள், உச்சில பால்கனி. நம்ம ஊர் சினிமா தியேட்டர் பழக்கத்துல பின்னாடி ரோதான் நல்லதுன்னு ஸ்டால்ஸ்ல கடைசி வரிசையைப் போட்டுடாதீங்க, அதுக்கு ஒரு காரணம் இருக்கு. இந்த ஷோவோட ஹீரோக்கள்ல ஒண்ணு மேல தொங்கற பெரிய சரவிளக்கு. ஷோ ஆரம்பிக்கறதே 1905ல பழைய ஓபரா ஹவுஸ் சாமானையெல்லாம் ஏலம் விடற சீன்ல, வீல் சேர்ல ஒரு கிழவர் வந்து ஒரு குரங்கு பொம்மை மியூசிக் பாக்ஸை ஏலம் எடுக்கறார், அடுத்து லாட் நம்பர் 666ன்னு துணி போட்டு மூடி வெச்சிருக்கற சரவிளக்கைக் காட்டறாங்க, துணி விலகுது, பளிச்னு வெளிச்சம், அந்த ஆர்கன் மியூசிக் அடிக்குது, சரவிளக்கு ஜனங்க தலைக்கு மேல ஏறிப் போகுது, மேடை பூரா பல வருஷம் பின்னாடி போய் புது ஓபரா ஹவுஸா மாறுது. ஸ்டால்ஸ்ல பின்னாடி உட்கார்ந்தா மேல் மாடி குறுக்க வந்து மறைச்சிடும், சரவிளக்கு எங்க போச்சுன்னே தெரியாது.

அதனால ராயல் சர்க்கிள்ல நடுவுல கிடைச்சா எடுங்க, விலை ஒத்து வரலைன்னா கிராண்ட் சர்க்கிள்ல முன் வரிசைகள்ல நடு சீட். கிராண்ட் சர்க்கிள்ல கால் நீட்ட இடம் கம்மி, உங்க உயரத்தைப் பொறுத்து யோசிங்க. பால்கனி சல்லிசா கிடைக்கும், ஆனா ரொம்ப செங்குத்து, பட்டுப்புடவையோட அந்தப் படில ஏறி இறங்கறது ஆபத்து. சீட் மேப்ல ரெஸ்ட்ரிக்டட் வியூன்னு போட்டிருந்தா கம்பியோ தூணோ மறைக்கும்னு அர்த்தம், அதைத் தொடாதீங்க. ஷோ பிரபலமானது, நாள் திங்கள், இப்பவே போட்டா நீங்க சொல்ற பட்ஜெட்ல ஒரு டிக்கெட் 80, 90 பவுண்டுக்குள்ள டீசன்ட்டான சீட் பிடிக்க முடியும். விலை தினமும் ஏறி இறங்கும், ஃப்ளைட் டிக்கெட்டுக்கு ஏறி இறங்கற கணக்குதான்.

டிக்கெட் எங்க போடறதுன்னா தியேட்டரோட சொந்த சைட்ல, எல்.டபிள்யூ தியேட்டர்ஸ்னு இருக்கும், அது லாயிட் வெப்பரோட கம்பெனிதான். லெஸ்டர் ஸ்கொயர் பார்க்கோட ஓரத்துல மணிக்கூண்டு இருக்கற சின்ன கட்டடத்துல டி.கே.டி.எஸ்-னு ஒரு கவுன்ட்டர் இருக்கு, தியேட்டர் சங்கமே நடத்தறது, மிச்சம் இருக்கற டிக்கெட்டை குறைஞ்ச விலைல கொடுப்பாங்க, நம்பிக்கையானது. ஆனா சுத்தி இருக்கற கடைகள்லயும் ஹாஃப் பிரைஸ்னு போர்டு தொங்கும், அங்க போனா கமிஷன் சேர்த்து முழு விலையை விட ஜாஸ்தி வாங்கிடற கடையும் உண்டு. வருஷத்துக்கு ஒரு நாள், கல்யாண நாள், அதுக்குப் போய் கடைசி நேர டிஸ்கவுன்ட்டுக்கு நிக்காதீங்க. டின்னரும் ஷோவும் சேர்த்து பேக்கேஜ்னு விக்கறதும் எனக்குப் பிடிக்காது, சீட்டை நாம தேர்ந்தெடுக்க முடியாது, சாப்பாடும் ஏதாவது ஒரு செயின் ரெஸ்டாரன்ட்ல நாலே நாலு ஐட்டத்துல ஒண்ணு, அந்த நாலுல முட்டை இல்லாத சைவம் ஒண்ணு இருந்தாலே அதிர்ஷ்டம்.

சாப்பாட்டுக்கு வருவோம், உங்க விஷயத்துல டிக்கெட்டை விட இதுதான் சிக்கல். நம்ம ஊர்ல பர்ஸ்ட் ஷோ பார்த்துட்டு வெளிய வந்து பரோட்டாக் கடைல உட்கார்ற மாதிரி இங்க முடியாது. ஷோ முடியறப்ப பத்து மணி ஆயிடும், திங்கட்கிழமை அந்த நேரத்துக்குப் பல ரெஸ்டாரன்ட்ல கிச்சனை மூடிடுவாங்க, திறந்திருக்கற இடத்துல சைவம் தேடி, அதுலயும் முட்டை இல்லாம தேடி அலையறதுக்குள்ள அண்ணி முகம் மாறிடும். அதனால முன்னாடியே. தியேட்டர் ஏரியா ரெஸ்டாரன்ட்ல பாதிக்கு மேல ப்ரீ தியேட்டர் மெனுன்னு ஒண்ணு வெச்சிருப்பாங்க, அஞ்சுல இருந்து ஆறரை வரைக்கும் வர்றவங்களுக்கு ரெண்டு கோர்ஸ் இல்ல மூணு கோர்ஸ் ஒரே விலைல, சீக்கிரமாவும் கொண்டு வந்துடுவாங்க. அஞ்சேகாலுக்கு டேபிள் போடுங்க, உட்கார்ந்த உடனே 7:30 ஷோ இருக்குன்னு சொல்லிடுங்க, அவங்களுக்கு அது தினமும் கேட்கற விஷயம்.

வெஜிடேரியன்னு சொன்னா இங்க முட்டை உண்டுன்னு அர்த்தம்ணா. வீகன்னு சொன்னா முட்டை போயிடும், கூடவே பால் தயிர் நெய் வெண்ணெயும் போயிடும், பரவால்லைன்னா அதுதான் சேஃப். இத்தாலியன்ல போய் பாஸ்தாதானேன்னு ஆர்டர் பண்ணா, ஃப்ரெஷ் பாஸ்தான்னு பெருமையா போட்டிருக்கறதுல முட்டை கலந்து பிசைஞ்சிருப்பாங்க, ட்ரை பாஸ்தால பெரும்பாலும் இருக்காது. மேல தூவற பார்மேசான் சீஸ்ல கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுக்கற ரென்னட் சேருது, சுத்த சைவம்னா அதையும் வேண்டாம்னு சொல்லணும். டெஸர்ட்ல ஜெலட்டின் (மாடு, பன்னியோட எலும்பு தோல்ல இருந்து எடுக்கறது) இருக்கான்னு கேளுங்க. இதையெல்லாம் வெயிட்டர்கிட்ட ஒவ்வொண்ணா விளக்கிட்டு இருக்கறதுக்கு பதிலா ஒரு வழி இருக்கு, அலர்ஜன் மெனு கொடுங்கன்னு கேளுங்க. 14 வகை அலர்ஜி பொருள் எதுல இருக்குன்னு சொல்றது இங்க சட்டப்படி கட்டாயம், அதுல முட்டையும் ஒண்ணு, மீனும் ஒண்ணு, பாலும் ஒண்ணு, டிக் போட்ட கட்டத்தைப் பார்த்தாலே தெரிஞ்சிடும். அண்ணியே பார்த்து முடிவு பண்ணிக்கலாம், உங்களைக் கேட்க வேண்டியதே இல்ல. (ரென்னட், ஜெலட்டின் அந்த லிஸ்ட்ல வராது, அது ரெண்டை மட்டும் வாயால கேட்டுடுங்க.)

எங்கன்னு கேட்டா, சோஹோல லெக்சிங்டன் தெருவுல மில்ட்ரெட்ஸ்னு ஒரு ரெஸ்டாரன்ட், மாமிசமே உள்ள வராத இடம், சுத்தி முத்தி சந்தேகத்தோட சாப்பிட வேண்டியதில்ல, இங்க இருந்து தியேட்டருக்கு நடந்தே போயிடலாம், புடவைல நடந்தா கூட கால் மணி நேரம். கேண்டில் எல்லாம் வெச்சு பெரிய ஆடம்பரமா இருக்காது, கொஞ்சம் சத்தமா இருக்கும், ஆனா நிம்மதியா சாப்பிடலாம். இல்ல, கொஞ்சம் ராஜ மரியாதையா வேணும்னா ரீஜென்ட் ஸ்ட்ரீட்ல வீராசாமி, 1926ல ஆரம்பிச்சது, இந்த நாட்டுல இன்னிக்கு வரைக்கும் நடக்கற இந்தியன் ரெஸ்டாரன்ட்ல பழசுன்னு பேர் வாங்கினது. பேர் நம்ம ஊர்ப் பேரா இருந்தாலும் மெனு இந்தியா பூரா இருக்கும், பில்லும் கொஞ்சம் கனமா இருக்கும். அவங்களுக்கும் பில்டிங் ஓனருக்கும் லீஸ் விஷயத்துல 2025ல இழுபறி வந்துச்சு, அதனால புக் பண்றப்ப அதே இடத்துலதான் நடக்குதான்னு ஒரு தடவை பார்த்துக்குங்க. டிஷூம் போகலாமான்னு எல்லாரும் கேட்கறாங்க, நல்ல சாப்பாடுதான், ஆனா புக்கிங் இல்லாம சாயங்காலம் போனா க்யூல நிக்க வேண்டி வரலாம், ஷோ இருக்கற நாள்ல க்யூ ஆகாது. சாம்பார் இட்லி ஏக்கம் வந்தா ஞாயித்துக்கிழமை ஈஸ்ட் ஹாம் போங்க, ஹை ஸ்ட்ரீட் நார்த்ல நடந்தா லண்டன்ல இருக்கறதே மறந்துடும்.

தண்ணி கேட்டா ஸ்டில்லா ஸ்பார்க்லிங்கான்னு கேட்டு பாட்டிலைக் கொண்டு வந்து பில்லுல ஏத்துவாங்க, டேப் வாட்டர்னு சொல்லுங்க, ஃப்ரீ, கூச்சமே வேண்டாம். பில்லுல பன்னிரண்டரை பர்சன்ட் சர்வீஸ் சார்ஜ் போட்டிருந்தா தனியா டிப்ஸ் வைக்கத் தேவையில்ல.

ஆறு நாற்பதுக்கு பில்லைக் கேட்டுடுங்க, ஏழு பத்துக்கு சீட்ல இருக்கணும். இதை மட்டும் கண்டிப்பா சொல்றேன். லேட்டா வந்தா இங்க உடனே உள்ள விட மாட்டாங்க, அவங்க சொல்ற வரைக்கும் வெளிய நிக்கணும், நிக்கற அந்த நேரத்துல உள்ள அந்த சரவிளக்கு ஏறி முடிஞ்சிருக்கும்.

பட்டுப்புடவை தாராளமா கட்டலாம். டிரஸ் கோட்னு ஒண்ணும் கிடையாது, பக்கத்து சீட்ல ஜீன்ஸ் டிஷர்ட்ல இருப்பாங்க, அது அவங்க இஷ்டம். ரெண்டு விஷயம்தான், பழைய கட்டடம், உள்ள கொஞ்சம் புழுக்கமா இருக்கலாம், வெளிய செப்டம்பர் ராத்திரி குளிரும், அதனால மேல ஒரு கோட்டோ ஷாலோ கைல இருக்கட்டும். ஹீல்ஸ் வேண்டாம், நடையும் படியும் ஜாஸ்தி. பெரிய பேக் கொண்டு வராதீங்க, வாசல்ல திறந்து பார்ப்பாங்க.

முதல் பாதி முடியற நொடி லைட் போட்டதும் அண்ணியை எழுப்பி விடுங்க, தூக்கத்துல இருந்து இல்ல, சீட்ல இருந்து. இந்தப் பழைய தியேட்டர்கள்ல லேடீஸ் டாய்லெட் க்யூ இருக்கே, அது ஒரு தனி நாடகம், இன்டர்வெல்லே 20 நிமிஷம், அஞ்சு நிமிஷம் யோசிச்சா அவ்வளவுதான். நீங்க அதுக்குள்ள ஐஸ்க்ரீம் வாங்கி வைங்க, குட்டி டப்பாவுல தருவாங்க, மூடிக்குள்ள ஸ்பூன் ஒளிஞ்சிருக்கும், தெரியாம தேடிட்டு இருக்காதீங்க, முட்டை இருக்கான்னு டப்பா மேல படிச்சுப் பார்த்துடுங்க. நேரம் மிச்சம் இருந்தா கீழ ஸ்டால்ஸ்ல முன் பக்கம் வரைக்கும் போக விடறாங்களான்னு சீட் காட்டற உஷர்கிட்ட கேட்டு, மேடைக்கு முன்னாடி பள்ளத்துல ஆர்க்கெஸ்ட்ரா உட்கார்ற இடத்தை அண்ணிக்குக் காட்டுங்க. வயலின், ஹார்ப், ஸ்டாண்ட் மேல விரிச்சு வெச்ச நோட்ஸ், அதுல பென்சில்ல கிறுக்கினது எல்லாம் பார்க்கலாம். முன்னாடி 27 பேர் வாசிச்சாங்க, 2021ல மறுபடி திறந்தப்ப 14 பேரா குறைச்சுட்டாங்க, அப்ப இங்க பெரிய சண்டையே நடந்துச்சு. குறைஞ்சாலும் லைவ்தான், ஒவ்வொரு ராத்திரியும் எதிர்ல ஒருத்தர் நின்னு கை அசைச்சு வாசிக்க வைக்கறார். சங்கீதம் கத்துக்கிட்டு 15 வருஷமா வீட்ல மட்டும் முணுமுணுத்துட்டு இருக்கறவங்களுக்கு அந்தப் பள்ளத்தைப் பார்க்கறது மேடையைப் பார்க்கறதை விடப் பெருசா இருக்கலாம்.

ஷோ நடக்கறப்ப போனை ஆஃப் பண்ணிடுங்க, சைலன்ட் இல்ல, ஆஃப். வீடியோ எடுத்தா டார்ச் அடிச்சு நிறுத்துவாங்க, மானம் போயிடும்.

முடிஞ்சு வெளிய வந்த உடனே ஹோட்டலுக்கு ஓடாதீங்க. ஹேமார்க்கெட்ல இருந்து பிக்கடிலி சர்க்கஸ் வழியா சோஹோவுக்கு நடங்க, ஃப்ரித் ஸ்ட்ரீட்ல பார் இத்தாலியான்னு ஒரு காபிக்கடை, 1949ல இருந்து இருக்கு, ராத்திரி ரொம்ப நேரம் திறந்திருக்கும். அந்தக் கட்டடத்தோட மாடிலதான் ஜான் லோகி பேர்ட் 1926ல டெலிவிஷனை முதல் தடவையா ஓட்டிக் காட்டினது, சுவத்துல பலகை இருக்கும். நம்ம ஃபில்டர் காபியை எதிர்பார்க்காதீங்க, சின்ன கப்ல கசப்பா வரும், கப்புச்சினோ கேளுங்க. அங்க உட்கார்ந்து பேசுங்க, கிறிஸ்டீன் யாரோட போயிருக்கணும்னு அண்ணியைக் கேளுங்க, அவங்க பதில் நீங்க நினைச்சதா இருக்காது.

போறப்ப பேடிங்டன்ல ட்யூப்ல, அதாவது பாதாள ரயில்ல, பேக்கர்லூ லைன் ஏறினா நேரா பிக்கடிலி சர்க்கஸ், கால் மணி நேரம்தான். திரும்பறப்ப ஃப்ரித் ஸ்ட்ரீட்ல இருந்து டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு ஸ்டேஷன் பக்கம், எலிசபெத் லைன்ல ரெண்டாவது ஸ்டாப் பேடிங்டன், ரயில் புதுசு, ஏசி. ராத்திரி பூரா ஓடற ட்யூப் வெள்ளி சனி மட்டும்தான், திங்கட்கிழமை நடுராத்திரி வாக்குல கடைசி ரயில், அதுக்குள்ள கிளம்பிடுங்க. ஒரே பேங்க் கார்டை ரெண்டு பேரும் தட்ட முடியாது, அண்ணி கைலயும் ஒரு கார்டு இருக்கணும்.

காசு கணக்கு: டிக்கெட் ரெண்டும் 180க்குள்ள, டின்னர் மில்ட்ரெட்ஸ் மாதிரி இடம்னா 80 சுமார், ஐஸ்க்ரீம், காபி, ப்ரோக்ராம் புக் சேர்த்து ஒரு 25. ப்ரோக்ராம் இங்க காசுக்குத்தான், ஆனா வாங்குங்க, அன்னிக்கு யார் கிறிஸ்டீனா பாடினாங்கன்னு பேரோட இருக்கும். வீராசாமி போனா 300ஐத் தாண்டும், அப்ப சீட்டை விலை கம்மியான கிராண்ட் சர்க்கிளுக்கு மாத்திடுங்க. சாப்பாடா சீட்டான்னு என்னைக் கேட்டா நான் சீட்டுக்குத்தான் காசு போடுவேன்.

சீட் மேப்பைத் திறந்து ரெண்டு மூணு சீட் நம்பரைக் குறிச்சு அனுப்புங்கண்ணா, காசு கட்டறதுக்கு முன்னாடி, சரவிளக்கு தெரியுமா தெரியாதான்னு பார்த்துச் சொல்றேன்.